சாவு சொல்லப் போனவன்

மேட்டுக் காலனி,
உத்திரமேரூர் வழி.
17.06.2024

இயேசுவுக்கே புகழ்.

தம்பி ஆல்வினுக்கு அக்கா பிரிஸ்கில்லா எழுதுவது. இங்கே நைனாவுக்கு இருமல், எனக்குக் கோபம். மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லாததால் இந்தக் கடிதம்.

போன் செய்தால் "அக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் நாலு மாதமாக வரவில்லை. போனைக் கட் பண்ணலாம். காகிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தால் அந்தப் பாவம் உன்னோடு.

முந்தாநாள் அம்மாவுக்கு இரண்டாம் வருஷப் பூசை. கல்லறைக்கு நானே வெள்ளை அடித்தேன். சாமியார் வந்து காத்திருக்கிறார், நைனா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "தாம்பரம் பஸ்ஸு லேட்டா கீது போல, கொஞ்சம் பொறுங்க சாமி" என்று அவரிடம் மூன்று முறை சொன்னார். உன்னிடமிருந்து வந்தது போனில் ஒரு கும்பிடு படம். அதை நைனாவுக்குக் காட்டவில்லை.

கோர்ட்டுக்கு எதிரில் வக்கீல் வேதகிரி சாரிடம் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறேன். எத்தனையோ வக்கீல்களைப் பார்த்துவிட்டேன். பெற்றவள் பூசைக்கு வர நேரம் இல்லாத வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் நான் தூக்கி வளர்த்தவன்.

பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

பிரிஸ்கில்லா


சென்னை
26.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆல்வின் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நைனாவை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டு. உள்ளூர் மருந்துக் கடைக்காரரை நம்பாதே.

நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். ஆனால் என் நிலைமை உனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸில் ஒரு நாளை ஆறு ஆறு நிமிஷமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆறு நிமிஷமும் எந்தக் கட்சிக்காரர் வேலைக்குப் போனது என்று கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எந்தக் கட்சிக்காரர் தலையிலும் எழுத முடியாத நேரம் வீண். சாப்பிட்டது வீண், உன்னோடு பேசியது வீண். மாதம் நூற்றறுபது மணி நேரம் காட்ட வேண்டும். ஏப்ரலில் நான் காட்டியது எழுபத்தொன்று. மே மாதம் அறுபத்து நாலு. அக்டோபரில் ரிவியூ. போன ரிவியூவில் மணி குறைந்த இரண்டு பேரை "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

நான் சோம்பேறி இல்லை அக்கா. காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருகிறேன். வேலை கொடுத்தால்தானே மணி ஏறும்? ஃபைல் எல்லாம் சீனியர் கையில். அவர் படித்த காலேஜில் படித்தவர்களுக்கும், அவரோடு டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் முதலில் போகிறது. மிச்சம் மீதிதான் எனக்கு. சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். உத்திரமேரூர் பக்கம் என்றால், "ஓ, கல்வெட்டு!" என்பார்கள். கல்வெட்டைத் தாண்டிக் காலனி ஒன்றும் இருக்கிறது என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொள்வேன்.

பூசை அன்றைக்கு ஒரு ஃபைல் வரும், தயாராக இரு என்றார்கள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கும்பிடு படம் அனுப்பினேன்.

அன்புடன்,
ஆல்வின்


மேட்டுக் காலனி
21.07.2024

இயேசுவுக்கே புகழ்.

தம்பிக்கு அக்கா எழுதுவது. நைனாவை செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். நுரையீரல் கெட்டிருக்கிறதாம். நாற்பது வருஷம் நெல் அடித்த தூசு. மருந்து கொடுத்திருக்கிறார்கள். சாராயக் கடைப்பக்கம் போனாயா என்று டாக்டர் கேட்க, "போனா மட்டும் நீ தொணைக்கு வரப் போறியா?" என்று இவர் கேட்க, ஒரே பேஜார்.

உன் ஆறு நிமிஷக் கதையை வேதகிரி சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் கேஸைப் பத்தி யோசிக்கிறதே குளிக்கும்போதுதாம்மா. அதை எந்தக் கட்சிக்காரன் தலையில எழுதுறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உன்னை நினைத்துக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. வேலையையும் கொடுக்காமல், ஏன் வேலை செய்யவில்லை என்றும் கேட்கிறவன் மேல்.

இப்போது ஊர் விஷயம். பெரியவர் கன்னியப்பனுக்கு வாய்க்கால் ஓரம் இருக்கும் ஆறு ஏக்கரை அவர் மகன் மோகன்குமார் ஒரு கம்பெனிக்கு விற்கப் போகிறான். குடோன் கட்டுவார்களாம், சுற்றி வேலி போடுவார்களாம். நம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை அந்த நிலத்துக்குள்தானே போகிறது? அதை அடைத்துவிட்டால் பிணத்தை எப்படிக் கொண்டு போவது? காலனியே என்னிடம் வந்து நிற்கிறது. "உன் தம்பி மெட்ராஸ்ல பெரிய வக்கீலாச்சே, கேட்டுச் சொல்லு" என்கிறார்கள்.

நைனாவுக்கு அம்மா பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்கிற ஒரே கவலைதான். "அம்முலு பக்கத்துல எனக்கு எடம் வுட்டு வெச்சிக்கீறேன். அந்தப் பாதையிலதான் போவேன்" என்கிறார். பாதை நம்முடையதுதானே? சட்டம் என்ன சொல்கிறது என்று எழுது.

பிரிஸ்கில்லா


சென்னை
09.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் நைனாவின் நலமும் அறிய ஆவல். அவருக்கு ஆவி பிடிக்கிற மெஷின் ஒன்று அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் வைக்கச் சொல்.

எனக்குக் கொஞ்சம் நல்ல காலம். பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. இந்த மாதம் மணி தாண்டிவிடும் என்று நினைக்கிறேன்.

பாதை பற்றிக் கேட்டாய். முழு விவரம் தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. எவ்வளவு நீளம், எத்தனை வருஷமாக நடக்கிறோம், பத்திரமோ ரசீதோ ஏதாவது காகிதம் இருக்கிறதா, இறப்பு நடந்தால் கன்னியப்பன் வீட்டில் என்ன வழக்கம், இதையெல்லாம் விட்டுப்போகாமல் எழுது. சீக்கிரம் எழுது.

ஆல்வின்


மேட்டுக் காலனி
18.08.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மெஷின் வந்தது. நைனா அதை முகத்தில் வைத்துக்கொண்டு யானை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இருமல் கொஞ்சம் தேவலை. உனக்கு வேலை கிடைத்தது கேட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பாதைக்காக நீ இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் எனக்கு மனசு நிறைந்துபோனது. சின்னப்பையன் மாமா வீட்டு வாசலில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பையன் மறக்கலடி" என்றார்.

நீளம் இருநூற்றுப் பதினாலு எட்டு. இன்றைக்குப் பூசை முடிந்து நானே நடந்து எண்ணினேன், வாய்க்கால் மதகில் ஆரம்பித்துக் கல்லறைத் தோட்டச் சிலுவை வரை. எத்தனை வருஷம் என்று கேட்டால், அங்கே இருக்கிற பழைய கல்லறையில் 1931 என்று போட்டிருக்கிறது. காகிதம் ஒன்றும் இல்லை. நடந்த கால்தான் காகிதம்.

வழக்கம் உனக்கே தெரியுமே. சாவு விழுந்தால் அந்த வீட்டு மகன் வெற்றிலைப் பாக்குத் தட்டோடு கன்னியப்பன் வீட்டுக்குப் போய்ச் சாவு சொல்வான். அவர் எழுந்து நின்று, தோள் துண்டை இறக்கி, "போயிட்டு வாங்க" என்பார். ஆடு மாடு நுழையாமல் இருக்கப் பாதைத் தலைப்பில் போட்டிருக்கும் முள்படலை எடுத்து வைக்க ஆளை அனுப்புவார். சும்மா சொல்லக் கூடாது, அவர் காலத்தில் ஒரு நாளும் அந்தப் படல் நம்மை மறித்ததில்லை. அம்மா செத்த அன்றைக்கு நீதானே போனாய்? செருப்பில்லாமல், அழுதுகொண்டே. தட்டைத் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டாய். பெரியவரே மறுநாள் கொடுத்தனுப்பினார்.

இது போதுமா? இன்னும் ஏதாவது வேண்டுமானால் கேள். உன் படிப்பு நமக்கு உதவுகிற நேரம் வந்துவிட்டது.

அன்பு அக்கா


சென்னை
20.10.2024

அக்காவுக்கு,

நலம். நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. பதில் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ரிவியூ முடிந்தது. ஆகஸ்டில் நூற்று எழுபத்தொன்பது மணி, செப்டம்பரில் நூற்று எண்பத்தெட்டு. சீனியர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். வேலைக்கு ஆபத்தில்லை. நைனாவிடம் சொல்.

பாதை விஷயத்தில் நான் எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். காரணம் கேட்காதே. வேதகிரி சாரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல வக்கீல்.

தீபாவளிக்கு வர முடியாது. கல்லறைத் திருநாளுக்கும் முடியாது என்று நினைக்கிறேன்.

ஆல்வின்


மேட்டுக் காலனி
24.11.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. நைனா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் சுகம்.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம் கம்பெனி வேலி போட்டுவிட்டது. சிமெண்ட் தூண், முள்கம்பி. மதகுக்கிட்ட ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை சின்னப்பையன் மாமா இறந்துவிட்டார். உன் கடிதத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாரே, அவர்தான். அவர் மகன் தட்டை எடுத்துக்கொண்டு கன்னியப்பன் வீட்டுக்குப் போனான். பெரியவரைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்களாம். மோகன்குமார் வாசலிலேயே நின்று, "என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே? கம்பெனிக்காரன்கிட்ட போய்ச் சொல்லு" என்றானாம்.

மழை பிடித்துக்கொண்டது. வேலி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். நாற்காலிக்காரன் யாருக்கோ போன் செய்தான், திறக்க உத்தரவு இல்லை என்றான். பெட்டியை மழையில் இறக்கி வைத்தோம். அப்புறம் மெயின் ரோட்டில் ஏறி, செங்கல் சூளையைச் சுற்றி, ஏரிக்கரை வழியாக நாலு கிலோமீட்டர். இருநூற்றுப் பதினாலு எட்டில் போக வேண்டிய மனுஷனை லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கித் தூக்கிப் போனோம். ஏரிக்கரைச் சேற்றில் வழுக்கி ஒரு பக்கம் பெட்டி தரையில் பட்டுவிட்டது. மாமி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நைனா வீட்டிலேயே படுத்திருந்தார். எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வேதகிரி சார் கேஸ் போட்டிருக்கிறார். பீஸ் வேண்டாம் என்றுவிட்டார். நீ ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஊரான் வீட்டு விவகாரமா இது?

பிரிஸ்கில்லா


உத்திரமேரூர்
20.01.2025

ஆல்வின்,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை. கடவுள் பேரை மேலே எழுதவும் கை வரவில்லை.

இன்றைக்குக் கம்பெனி தரப்பின் பதில் மனு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. ஊர் ஆட்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், தமிழில் டைப் அடிம்மா என்று வேதகிரி சார் கொடுத்தார். வரிவரியாக அடித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது பத்தியில் கை நின்றுவிட்டது.

"மேற்படி நிலத்தின் வழியே சுமார் இருநூற்றுப் பதினாலு எட்டு நீளத்துக்கு மனுதாரர்கள் சென்றுவந்தது நில உரிமையாளரின் அனுமதியின் பேரில் மட்டுமே. ஒவ்வொரு இறப்பின்போதும் இறந்தவரின் மகன் வெற்றிலைப் பாக்குடன் உரிமையாளர் இல்லம் சென்று அனுமதி கோருவதும், அவர் அனுமதித்த பின்னரே முள்படல் அகற்றப்படுவதும் வழக்கம். 2022 ஜூன் மாதம் நிகழ்ந்த ஓர் இறப்பின்போதும் இவ்வாறே அனுமதி கோரிப் பெறப்பட்டது."

எந்த சர்வேயரடா எட்டுக் கணக்கில் நிலத்தை அளக்கிறான்? அது என் கால். பூசை முடிந்து, வெயிலில், வாய்க்குள் எண்ணிக்கொண்டு நான் நடந்த கால். அந்த எண் இந்த உலகத்தில் எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

2022 ஜூன் மாதம் நிகழ்ந்த ஓர் இறப்பு. அவளுக்குப் பேர் இல்லையா? அம்முலு என்று எழுத உன் விரல் கூசியதா, இல்லை பேர் எழுதினால் நேரம் வீணா?

வேதகிரி சார் விளக்கிச் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் யாரையும் கேட்காமல் உரிமையாக நடந்தால் பாதை நமக்கு. உத்தரவு வாங்கி நடந்தோம் என்று ஆகிவிட்டால் அது அவர்கள் போட்ட பிச்சை, நினைத்தபோது நிறுத்தலாம். தொண்ணூறு வருஷமாக நடந்ததை ஒரு பத்தியில் பிச்சையாக்கிவிட்டாய். சாவு சொல்லப் போவதற்கும் உத்தரவு கேட்கப் போவதற்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ? நம் ஆட்கள் சாவு சொல்ல எல்லா வீட்டுக்கும்தான் போகிறார்கள். சாமியாருக்குச் சொல்கிறோம், மாகறல் சித்திக்குச் சொல்கிறோம். சித்தி உத்தரவு கொடுத்தா அம்மாவைப் புதைத்தோம்?

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் அந்த வேலிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள்.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. என்னிடம் விவரம் கேட்டு ஆகஸ்டில் கடிதம் போட்டாயே, அன்றைக்கு அந்த ஃபைல் உன் மேஜையில் இருந்ததா? அம்மாவின் சாவுக்கு எத்தனை ஆறு நிமிஷம் எழுதினாய்?

பிரிஸ்கில்லா


சென்னை
02.02.2025

அக்கா,

இருந்தது. இரண்டு நாள் முன்பே வந்திருந்தது.

மீட்டிங்கில் சீனியர், "உத்திரமேரூர் பக்கம் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். இந்த ஆபீஸில் சேர்ந்த பிறகு நான் கை தூக்கிய முதல் நாள் அது. சர்வே எண்ணைப் பார்த்தபோதுதான் எந்த நிலம் என்று தெரிந்தது. எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது, நான் செய்யக் கூடாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் எழுபத்தொன்று, மே அறுபத்து நாலு. சொல்லவில்லை.

கடிதம் போட்டபோது நமக்காகத்தான் கேட்கிறேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். முதலில் எழுதிய குறிப்பில் சாவுச் செய்தி சொல்வது ஊர் வழக்கம் என்றுதான் எழுதினேன். சீனியர் அடித்துவிட்டு, "அவர் போயிட்டு வாங்கன்னு சொன்னாரா இல்லையா? சொன்னார்னா அது பர்மிஷன்தான்" என்றார். அவர் அடித்தார். மாற்றி எழுதியது என் கை.

இரண்டாவது கேள்வி. "உள்ளூர்த் தகவலாளரிடம் விசாரித்து, பாதைப் பயன்பாடு பற்றிய குறிப்பு தயாரித்தது, 1.4 மணி." அம்மாவின் வரியை எழுத அதில் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பத்து என்று போட முடியாது. பன்னிரண்டாக்கினேன்.

எனக்குத் தூக்கம் இல்லை என்றெல்லாம் எழுத வந்தேன். எழுதவில்லை. நைனாவுக்குத் தெரியுமா?

ஆல்வின்


உத்திரமேரூர்
09.02.2025

ஆல்வின்,

தெரியும். நானே படித்துக் காட்டினேன். மறைத்து வைக்க அவர் குழந்தை இல்லை. கேட்டுவிட்டு, மெஷினை முகத்திலிருந்து எடுத்தார். "அவனுக்கு வேல போய்டும்னு பயந்துக்கீறான்" என்றார். பிறகு, "எனக்குந்தான் தெனம் வேல போச்சு. ஒரு நாளாவது அவன் அம்மாவ வித்தனா?" என்றார். மெஷினைத் திரும்ப முகத்தில் வைத்துக்கொண்டார்.

உள்ளூர்த் தகவலாளர்! காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டவளுக்கு நல்ல பேர் வைத்தாய். நான் பத்தாவதோடு நின்றது நீ படிக்கத்தான். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது சொல்லிக் காட்டுகிறேன்.

அழுது எழுதும் கடிதம் எனக்கு வேண்டாம். இத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம் வைத்திருக்கிறேன். நானே டைப் அடித்தது. மார்ச் பத்தொன்பதாம் தேதி பாதைத் தடை பற்றிய விசாரணை வருகிறது. கம்பெனி ரகசியத்தை நீ சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது என்று வேதகிரி சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா செத்த அன்றைக்கு நீ கன்னியப்பன் வீட்டு வாசலில் என்ன சொன்னாய் என்பது எந்தக் கம்பெனிக்கும் ரகசியம் இல்லை. அது உன் சொந்த வாழ்க்கை.

முதல் மூன்று பத்தியில் உன் பேர், நைனா பேர், அம்மா பேர். அம்முலு என்று முழுசாக அடித்திருக்கிறேன். நாலாவது பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன். அன்றைக்கு உன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியாது, நான் நம் வீட்டு வாசலில் அம்மா காலடியில் இருந்தேன். தெரியாததை நான் டைப் அடிக்க மாட்டேன். நீயே நிரப்பு. உத்தரவு கேட்டாய் என்றால் அதையே எழுது. அப்படியாவது ஒரு உண்மை வரட்டும்.

பிரிஸ்கில்லா


சென்னை
10.03.2025

அக்காவுக்கு,

நைனாவுக்கு மூச்சுத் திணறல் எப்படி இருக்கிறது?

நாலாவது பத்தி:

"15.06.2022 அன்று பகல் சுமார் பதினொரு மணிக்கு நான் திரு. கன்னியப்பன் அவர்கள் வீட்டு வாசலுக்குச் சென்றேன். 'அம்மா பூட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கிறோம்' என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று, 'போயிட்டு வாங்க' என்றார். நான் அவரிடம் எந்த அனுமதியும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. எங்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை."

இந்த நாலு வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. ஆபீஸில் அந்தக் குறிப்பு எழுதிய ஒன்றரை மணி நேரத்திலும் இது எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டேதான் மாற்றி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சீனியரிடம் போய்ச் சொன்னேன். "நம்ம கிளையண்டுக்கு எதிராகவா?" என்றார். "எங்கம்மா செத்த அன்னைக்கு நான் பேசினது எந்தக் கிளையண்டுக்கும் சொந்தம் இல்லை சார்" என்றேன். உத்தியோகத்துக்கு வந்த பிறகு அவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மார்ச் மாத மணிக்கணக்கை எழுதி முடித்துவிட்டுப் போ என்றார்கள். எழுதவில்லை.

பத்தொன்பதாம் தேதி வருகிறேன். வீட்டுக்கு வரலாமா என்று தெரியவில்லை. நேராகக் கோர்ட்டுக்கே வந்துவிடுகிறேன்.

ஆல்வின்


மேட்டுக் காலனி
23.03.2025

இயேசுவுக்கே புகழ்.

தம்பிக்கு அக்கா எழுதுவது. நைனா நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டார். நான் நலம்.

நீ விசாரணை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாய். உத்தரவு வெள்ளிக்கிழமைதான் வந்தது. கேஸ் முடியும் வரை மதகு முதல் கல்லறைத் தோட்டம் வரை ஆறடி அகலத்துக்கு வேலியைத் திறந்துவிட வேண்டும், பிணம் கொண்டுபோவதை யாரும் மறிக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் கம்பியை வெட்டினார்கள். காலனியே போய் நின்று பார்த்தது. சின்னப்பையன் மாமி மட்டும் வரவில்லை. "எங்காளு ரோட்டுல போன பொறவு தொறந்தா இன்னா, தொறக்கலன்னா இன்னா?" என்றுவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னுடையது இல்லை. நீ ஒரு நாள் வந்து சொல்.

உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால், இல்லை. கூரையில் நெருப்பு வைத்தவனே குடத்தோடு ஓடிவந்தால் குடத்தைத்தான் வாங்கிக்கொள்ள முடியும். வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். அதற்கும் கோபம்தான் வருகிறது. வேதகிரி சார், "பையனை இங்கே வரச் சொல்லு, என்னோட உக்காரட்டும். மணி பார்க்க மாட்டேன்" என்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

கோர்ட் வராந்தாவில் நைனா உன்னோடு பேசவில்லை என்று உனக்கு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது. நேற்று சாயங்காலம் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு பாதைக்குப் போனேன். அம்மா கல்லறை வரைக்கும் போய், பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். திரும்பி வரும்போது, எழுதிக்கொள் என்று சொல்லி, உனக்கு ஒரு சேதி சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"நான் பூட்டா சாவு சொல்ல எவனும் எந்த வூட்டுக்கும் போவக் கூடாது. தொண்ணூறு வருசம் மரியாதைக்குப் போய்ச் சொன்னோம், அத உத்தரவுன்னு எழுதிக்கினானுங்க. இனிமே நேரா தூக்கினு போங்க. முன்னால சிலுவைய ஆல்வினே தூக்கினு போவட்டும், அவன்தான் தூக்கணும். ஆனா எவன் வாசலாண்டயும் நின்னு அவன் வாயத் தொறக்க வேணாம்."

பிரிஸ்கில்லா